சேர்த்தா, தனித்தனியா

வாசல் கல்லில் வெட்டிய ஆண்டில்
இரண்டாம் இலக்கம் உடைந்துபோய்விட்டது.
ஆறு என்பேன் சில பயணிகளிடம்,
எட்டு என்பேன் சிலரிடம்.
என் முழங்கால் அன்றைக்கு
எவ்வளவு பழையதாய் வலிக்கிறதோ
அதைப் பொறுத்தது.

பாம்பெர்க், பழைய நகரம், வியாழக்கிழமை.
மழைக்கு ஒதுங்கியவர்கள் கூடம் நிறைய.
எங்கள் பீரில் மரப்புகை வாசனை அடிக்கும்.
எரிந்த வீட்டைக் குடிப்பதுபோல் இருக்கிறதென்று
முகம் சுளிப்பார்கள் புதியவர்கள்.
மூன்றாவது குவளையில் பிடித்துவிடும் என்பேன்.
விற்பவள் வேறென்ன சொல்வாள்?

ஐந்தரைக்கு அன்னெக்ரெட் வந்தாள்.
ஐந்தே முக்காலுக்கு ஃபோல்க்மார்.
பத்தொன்பது வருடமாய் அதே அடுப்படி மேசை,
அதே பெஞ்சில் தோளோடு தோள்.
இன்றைக்கு எதிரும் புதிருமாய்.
நடுவில் ஒரு பழுப்பு உறை,
மூலையில் நீதிமன்ற முத்திரை.
பார்த்தேன், படிக்கவில்லை.
சின்ன ஊர் இது,
படிக்க என்ன இருக்கிறது?

அவளுக்கு இறைச்சி அடைத்த வெங்காயம்.
அவனுக்குப் பன்றித்தோள், உருளைக்கிழங்கு உருண்டை.
பெஞ்சின் அந்தக் கோடியில்
இடம் இருக்கிறதா என்று கேட்டு
பதிலுக்கு முன்னமே உட்கார்ந்துவிட்டார் லூட்கர்,
நனைந்த குட்டைக்கால் நாயோடு.
இங்கே அது வழக்கம்தான்.
தனி மேசை வேண்டுமென்றால்
வீட்டிலிருக்க வேண்டும்.

தோளின் மேல்தோல்
மொறுமொறுவென்று பொரிந்திருந்தது.
ஃபோல்க்மார் அதை உடைத்து
பெரிய துண்டை
அவள் தட்டில் வைத்துவிட்டான்.
வைத்த பிறகுதான் அவன் கைக்கு நினைவு வந்தது.
திரும்ப எடுப்பதா?
முள்கரண்டி அந்தரத்தில் நின்றது.
அவள் துண்டைப் பார்த்தாள்.
உறையைப் பார்த்தாள்.
கடித்தாள்.
அத்தனை இரைச்சலிலும்
அந்த ஒரு நொறுங்கல்
எனக்குக் கேட்டது.

அடுத்தது என் தவறு.
இருபத்தாறு வருடம், ஒரு நாளைக்கு முப்பது தடவை,
பணப்பையைத் திறந்தாலே
என்னைக் கேட்காமல் என் வாய் கேட்கும் கேள்வி:

சேர்த்தா, தனித்தனியா?

சேர்த்து, என்றான் அவன்.
தனித்தனியா, என்றாள் அவள்.
இரண்டும் ஒரே மூச்சில்.

நாய் தும்மியது.

சரி, என்று
குவளை அட்டையைத் திருப்பினேன்.
ஒரே அட்டை.
பழக்க தோஷத்தில்
எல்லாக் கோடுகளையும் அதிலேயே போட்டிருக்கிறேன்:
நான்கு நேராக, குறுக்கே ஒன்று,
தள்ளி இன்னும் இரண்டு.
ஏழில் யாருடையது எது?
மூன்று எனக்கு, என்றான்.
எனக்கு இரண்டு, என்றாள்.
மூவரும் குனிந்து பார்த்தோம்.
கோட்டில் பெயரா எழுதியிருக்கும்?
மீதி இரண்டை யார் குடித்தது
என்று நான் பென்சிலைக் கடிக்கையில்
லூட்கர் விரலைத் தூக்கினார்:
எனக்கு நீ அட்டையே வைக்கவில்லை, இர்ம்ட்ராட்.

அன்னெக்ரெட்தான் முதலில் சிரித்தாள்.
அவன் கொஞ்சம் தாமதமாக,
உள்ளே வரலாமா என்று கேட்பவன்போல.

தனித்தனியாகவே கொடுத்தார்கள்.
ஆளுக்கொரு டிப்ஸ்.
கூட்டிப் பார்த்தேன்:
பத்தொன்பது வருடத்தில்
இவ்வளவு கொடுத்ததில்லை.
பிரிந்ததில் லாபம் எனக்கு.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
ஆனாலும் எண்ணினேன்.

ஒரே ஆணியில் மாட்டிய இரண்டு கோட்டுகள்.
தன்னுடையதை எடுக்க
அவளுடையதை முதலில் எடுக்க வேண்டியிருந்தது அவனுக்கு.
பிடித்துக்கொண்டு நின்றான்.
கையை நுழைத்துக்கொண்டாள்.
வெளியே
அவள் பாலத்துப் பக்கம்,
அவன் மேட்டுப் பக்கம்.

மேசை துடைக்கப் போனால்
உறை அங்கேயே கிடக்கிறது.
முத்திரைக்குப் பக்கத்தில்
குவளையின் ஈர வட்டம்,
அதுவும் முத்திரைபோல.
கல்லாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
யார் வந்து கேட்டாலும் கொடுப்பேன்,
முதலில் வருபவருக்கு.

சன்னலோரம் நான்கு பேர்
பில் கேட்டுக் கையசைத்தார்கள்.
போகும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
நின்றேன்.
பணப்பையைத் திறந்தேன்.

வேறு எப்படித்தான் கேட்பது அதை?