நாலு திருகாணி

காக்கி புக்கிட்டில், ஆறாவது மாடியில்
மழை பெய்தால் எனக்குக் கேட்காது.
இருபத்துமூன்று டிகிரிக் குளிர்,
மேசைமேல் பிளந்து கிடக்கும் பேட்டரிப் பெட்டி.
உள்ளே பத்து செல், ஐந்து ஜோடி,
கைகோத்து வரிசையில் நிற்கும்.
ஒரு ஜோடி தளர்ந்தால் போதும்,
காவல் பலகை எல்லாவற்றையும் அணைத்துவிடும்.
மற்ற எட்டும்
இலையில் சோறிருக்கப்
பந்தியிலிருந்து எழுந்துபோக வேண்டும்.

ஒட்டிவிடலாம் என்றார் குவெக்.
பசை மலிவு, நீர் புகாது,
எவனாவது திறந்து தீப்பிடித்தால்
யார் பதில் சொல்வது?

நியாயமான கேள்விதான்.
மூன்று வாரம் பதில் சொல்லவில்லை,
படம் மட்டும் வரைந்தேன்:
நாலு மூலைக்கு நாலு திருகாணி,
மழைக்கு ஒரு ரப்பர் வளையம்,
தளர்ந்த ஜோடியை மட்டும் உருவியெடுக்க
விரல் நுழையும் இடம்.
கடைசியில் இருவரும் பாதிப்பாதி தோற்றோம்.
திருகாணி இருக்கும். ஆனால்
அதன் தலையில் ஆறுமுனை நட்சத்திரம்,
நட்சத்திரத்தின் நடுவில் ஒரு முள்.
வீட்டில் கிடக்கும் எதுவும் அதற்குள் போகாது.

பொங்கோல். புளோக்குக்குக் கீழே
நீளமாக வெட்சி வேலி.
காலை ஏழரைக்கு வீரபாகு பெட்ரோல் இயந்திரத்தை உதைத்ததும்
நாலாவது மாடியில் ஒரு ஜன்னல்
அறைந்து சாத்திக்கொண்டது.
என்னுடையதை வாங்கினார். எடை பார்த்தார்.
"சத்தமே இல்லியேம்மா,
நான் வேலை செய்றது சூப்பர்வைசருக்கு
எப்படித் தெரியும்?"
இதற்கு என்னிடம் வரைபடம் இல்லை.

இருபத்தாறாவது நிமிடம் நின்றது,
வேலி பாதி கிராப்பு வெட்டிய தலைபோல் நிற்க.
பெட்டியைக் கழற்ற
இரு பக்கமும் இரு பொத்தான்,
ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும்.
பாதுகாப்புக்கு என்று எழுதியிருந்தேன்.
அவர் ஏணியில் இருந்தார்.
ஒரு கை ஏணியைப் பிடித்திருந்தது.
மற்றக் கையில் பச்சைச் சாறு ஊறிய கையுறை.
கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார்,
பிறகு என்னை.
ஒன்றும் சொல்லவில்லை,
இயந்திரத்தைத் தொடையிடுக்கில் வைத்து
ஒரு பொத்தானை விரலாலும்
மறுபொத்தானை ஏணிக் காலாலும் அழுத்தினார்.

டக்.

பதினான்கு மாதமாக அந்த ஓசைக்காக
ஸ்பிரிங் மாற்றி மாற்றிப் பார்த்தவள் நான்.
அன்று அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

மழை வந்தது. பொங்கோல் மழை, பக்கவாட்டில்.
தீர்ந்த பெட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
லாரிக்கு ஓடினார்.
"சுடுதே" என்றார், சிரித்துக்கொண்டு.
செல்லின் தோலில் ஐம்பத்தெட்டு டிகிரி,
அட்டவணையில் இருக்கிறது.
வயிற்றுத் தோலுக்கு
அட்டவணையில் கட்டமே இல்லை.

மதியம் ஒரு பொத்தானை அழித்தேன்.
மிச்சமிருந்ததைக் கட்டைவிரல் அகலத்துக்கு,
கையுறை போட்ட கட்டைவிரல் அகலத்துக்கு,
இழுத்தேன்.
அச்சுக்கு மறுபடி காசா என்றார் குவெக்.
மறுபடிதான் என்றேன்.

புதிய பெட்டிகள் மூன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன்.
எட்டு மாதம் கழித்துத் திரும்பின,
பார்சல் பை கிழிந்து, காய்ந்த புல் ஒட்டி.
இரண்டு சும்மா இருந்தன.
மூன்றாவதில் நாலு திருகாணியின் தலையும்
தேய்ந்து மின்னின.
கூடவே நூலில் கட்டி ஒரு சைக்கிள் கம்பி,
நுனியைத் தட்டையாக அராவி,
முள்ளுக்கும் முனைக்கும் நடுவில்
சரியாக உட்காரும்படி.

கண்டிக்க வேண்டும். தீ விளையாட்டு அது.
கடிதத்துக்கு வாக்கியம் தேடும்போதே
பெட்டியைத் திருப்பினேன்.
ஒளிபுகும் டேப்புக்கு அடியில்
கறுப்பு மார்க்கரில்
சாய்ந்த எழுத்து:

இடது ஓரம் சோம்பேறி.

தோளுக்குப் பின்னால் வந்து நின்று
என்ன எழுதியிருக்கிறது என்றார் குவெக்.
மொழிபெயர்க்கும் முன்
மீட்டர் முனைகளை வைத்துப் பார்த்தேன்,
வலமிருந்து ஒவ்வொரு ஜோடியாக,
அவசரப்படாமல்.

இடது ஓரம்தான்.