முதுகில் வீசிய காற்று

இரண்டு மணி ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி.
எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன்.
மகள் மைத்தே படித்தாள்,
பால் எடுத்தாள், கதவைச் சாத்தினாள்.
நல்ல பெண். ஒன்றும் கேட்கவில்லை.

நினைத்திருந்தது ஒன்று ஐம்பத்தைந்து.
கூட ஓடும் எல்பியோவிடம் சொல்லியிருந்தேன்,
மருந்துக்கடை முதலாளியிடம் சொல்லியிருந்தேன்,
இரத்த அழுத்தம் பார்க்க வருகிற
லாரி ஓட்டுநர்கள் மூவரிடம்கூட.
மறந்திருப்பார்கள் என்று பார்த்தால்
திங்கட்கிழமை காலை
மூவரும் வரிசையாக நிற்கிறார்கள்,
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு.

ஆகஸ்ட். மோன்டேவிடியோவில் நடுக்குளிர்.
துறைமுகக் கிரேன்களுக்குக் கீழே
குப்பைப் பைகளைப் போர்த்தியபடி நின்றோம்,
வெடி கேட்டதும் கிழித்தெறிந்தோம்.
முதல் கிலோமீட்டர் ஐந்து நிமிடம் ஐந்து வினாடி.
இரண்டாவது, ஐந்து.
மூன்றாவது அதற்கும் கீழே.
வேறு யாருடைய கால்களோ
என் இடுப்பில் பொருத்தியிருந்தன.
ஐம்பத்தொரு வயதில் ஒருத்திக்கு
இப்படி ஒரு காலைப்பொழுது வாய்த்தால்
கணக்கா பார்த்துக்கொண்டிருப்பாள்?

வலப்புறம் ஆறு.
அக்கரை தெரியாததால் கடல் என்போம்.
பால் அதிகமான தேநீரின் நிறம்.
தென்மேற்கிலிருந்து பாம்பேரோ
என் முதுகில் உள்ளங்கை வைத்து
தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது.
எனக்குத் தெரியவில்லை.
பின்னால் வீசும் காற்று
காற்றில்லாத நாள் போலத்தான் இருக்கும்.

பத்தரையில் ஆரஞ்சுக் கூம்பு.
சுற்றித் திரும்பினேன்.
அறைந்தது.

எண் அட்டை வயிற்றில் படபடத்தது.
பல்லில் மணல்.
ஒரு கிலோமீட்டருக்கும் அடுத்ததற்கும் நடுவே
யாரோ தெருவை இழுத்து நீட்டியிருந்தார்கள்.
பதினேழில் நடக்க முடிவெடுத்தேன் என்று சொல்லமாட்டேன்.
பார்த்தபோது நடந்துகொண்டிருந்தேன்.

கரைச்சுவரில் ஒரு தூண்டில்காரன்,
அக்குளில் ஃபிளாஸ்க், கையில் மாத்தே.
என்னைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான்,
"இன்றைக்கு ஒன்றும் கடிக்கவில்லை" என்றான்.
சிரித்தேன்.
சிரிக்கவும் மூச்சு வேண்டியிருந்தது.

பதக்கத்தை யெர்பா டப்பாவில் போட்டேன்.
காலணியைக் குறை சொன்னேன்.
முந்தின நாள் தின்ற நோக்கியை,
இரவுப் பணியை,
இடது கெண்டைக்காலை.
எல்பியோ கடிகாரத்தின் வரைபடத்தைக் காட்ட வந்தான்,
"முதல் பாதி உன்னுடையதே இல்லை" என்று தொடங்கினான்,
போனை வைத்துவிட்டேன்.

வியாழன் இரவு இரண்டு மணிக்கு
காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி வந்தாள்.
ஐந்து மில்லி, எட்டு மணிக்கொரு தரம் என்றேன்.
கண் சிவந்திருந்தது அவளுக்கு.
"பாட்டிலை மொத்தமாகக் கொடுத்தால்
சீக்கிரம் சரியாகுமா?"
ஆகாது என்றேன்,
ஆயிரம் முறை சொன்ன அதே குரலில்.
அவள் போன பிறகும்
அளவுக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தபடி
நின்றிருந்தேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
நான் ஆற்றோரமே ஓடி
அளக்காமல் போட்டவள்.

எல்பியோவைக் கூப்பிட்டேன்.
தூக்கக் குரலில் வைதான், பிறகு
ஞாயிறு எத்தனை மணி என்று கேட்டான்.

இப்போது காற்றுக்கு எதிரில் தொடங்குகிறோம்.
ஆறு இருபது. ஆறு இருபத்தைந்து.
நாயோடு ஓடும் பையன் முந்துகிறான்.
குழந்தை வண்டி தள்ளும் தாய் முந்துகிறாள்.
வெட்கமாகத்தான் இருக்கிறது,
இல்லை என்றால் பொய்.
பதினாறில் திரும்பும்போது
முதுகில் அந்த உள்ளங்கை வந்து படும்.
இந்த முறை தெரிகிறது.
நன்றி சொல்லி
கணக்கில் சேர்க்காமல் வருகிறேன்.

நாற்பத்திரண்டுக்கு இன்னும் ஐந்து வாரம்.
எத்தனை மணி நேரத்தில் என்று
இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை.
ஓட்டுநர்கள் தங்களுக்குள்
பந்தயம் கட்டியிருப்பதாகக் கேள்வி.

ஒட்டிய தாள் அங்கேயே இருக்கிறது,
ஓரத்தில் வெண்ணெய்க் கறை.
காலையில் மைத்தே பாலோடு நின்று கேட்கிறாள்,
"இன்றைக்குக் காற்று எங்கிருந்து?"
ஜன்னலைத் திறந்து
ஈர விரலை நீட்டுகிறேன்.