உட்பிரிவு

வாலிநோக்கத்துக்கு மேற்கே, உப்பளம் முடிகிற வரப்பில்
குப்புறக் கிடந்தான்.
பின்மண்டையில் அடி. காய்ந்த ரத்தத்தின்மேல்
உப்பு பூத்திருந்தது.

ஒரு ஸ்டேஷன்காரர்கள் ஓடைக்கு அந்தப்புறம் என்றார்கள்.
இன்னொரு ஸ்டேஷன்காரர்கள் இந்தப்புறம் என்றார்கள்.
பிணத்தை எடுக்க வேன் வரவில்லை.
சர்வேயரை அழைத்துவர ஜீப் வந்தது.

"மேடம், ஒரு நாற்பது மீட்டர் அங்கிட்டுத் தள்ளிட்டாப் போதும்"
என்றார் ஏட்டு காசிலிங்கம், காதோரமாக.
கெட்டவரில்லை. அந்த வாரம் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நம்புராஜன் கேட்டான்:
"எங்கேருந்து மேடம்? தலையா, காலா?"

சிரிக்க வேண்டாம்.
எங்கள் ஆட்கள் இதற்காகவே மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.
வெட்டவெளியில் ஒருவன் கொலையுண்டு கிடந்து
கொன்றவன் யாரென்று தெரியாவிட்டால்
சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் அளக்க வேண்டும்.
தொப்புளிலிருந்து என்றார் ஒருவர்.
மூக்கிலிருந்து என்றார் மற்றவர், மூச்சு அங்கேதானே இருந்தது.
கழுத்திலிருந்து என்றார் மூன்றாமவர்.
அளந்து முடித்ததும் கிட்டத்து ஊரின் பெரிய மனிதர்கள்
ஓடைக்கு இறங்கிக் கைகழுவி
இந்த ரத்தம் எங்கள் கை சிந்தியதல்ல என்று சொல்ல வேண்டும்.
அவர்கள்தான் கொன்றார்கள் என்று யார் சொன்னது?
யாரும் சொல்லவில்லை.
வந்தவனைச் சோறு போடாமல் அனுப்பவில்லை,
பார்த்தவனைத் துணையில்லாமல் விடவில்லை:
கைகழுவும்போது சொல்வது இதைத்தான்.
சொல்ல முடிந்தால்.

நம்புராஜனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.
"வேதக்காரங்களா மேடம்" என்று கேட்பவர்களிடம்
இருபது வருஷமாகத் தலையாட்டி வருகிறேன்.
பரவூரில் என் அம்மாவுக்குப் பிரார்த்தனை சொல்லப்
பத்து ஆண்கள் தேறவில்லை என்பதை
இந்த வெயிலில் யாருக்கு விளக்க?

டீக்கடை ரஹ்மத்தம்மா வரப்போரம் வந்து நின்றார்.
"ராத்திரி வந்தது இந்தப் புள்ளதான். இந்தியோ என்னமோ பேசுச்சு.
அடுப்ப அணைச்சாச்சுன்னேன்.
அணைக்கல. பாலும் கெடந்துச்சு."
காசிலிங்கம் வேறுபக்கம் பார்த்தார். எழுதவில்லை.

மூன்று நாள் முன்பு, கடலாடி ரோட்டில்,
செருப்பைக் கையில் பிடித்தபடி ஒருவன் ஜீப்பை மறித்துக் கைகாட்டினான்.
டிரைவர் என்னைப் பார்த்தார்.
நான் ஃபைலைப் பார்த்தேன்.
அது இவனாக இருக்க வேண்டியதில்லை.
வரப்பில் கிடந்த செருப்பும்
எல்லார் செருப்பும் போலத்தான் இருந்தது.

அளந்தேன். தள்ளவில்லை.
காசிலிங்கத்தின் பக்கம், பதினோரு மீட்டர்.
அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்.
கொஞ்ச நேரம் கடலைத் திட்டினார்.
பிறகு, யாரையும் கூப்பிடாமல், தானே குனிந்து
அவன் முகத்தைத் திருப்பினார்.
ஒரு கன்னம் முழுக்க உப்பு.
தன் கைக்குட்டையால் துடைத்தார்.

எங்களில் இன்னொன்றும் உண்டு.
கேட்க நாதியற்ற பிணம்
தான் கிடந்த இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும்.
கிரயமில்லை, சாட்சியில்லை.
நிலத்துக்காரன் மறுக்க முடியாது.
தலைமைக் குருவே அந்த வழியாக வந்தாலும்
தீட்டென்று ஒதுங்காமல்
தன் கையால் குழி தோண்ட வேண்டும்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.
சில நாள் பெட்டிக்குள் குளிரில் இருப்பான்.
பிறகு ஒரு நம்பர், ஒரு குழி.

மாலையில் அலுவலகத்தில் புலப்படத்தை விரித்தேன்.
உப்பள வரப்பின்மேல், பென்சிலால், மிக லேசாக,
ஆறடிக்கு இரண்டடி ஒரு கட்டம்.
உரிமையாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தில்
நெடுநேரம் முனை நின்றது.

ரப்பர் மேசையில்தான் இருக்கிறது.
ஜமாபந்தியில் கேட்பார்கள், இது யாருடையதென்று.
கேட்கட்டும்.