எண்பத்திரண்டு பாகை

கொட்டாஞ்சேனையில் காலை ஐந்தரைக்கே
சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது.
கடல் காற்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு
ஈரத்தை மட்டும் அனுப்புகிறது.
இந்த ஊரில் குளிர்ந்து கிடப்பது
என் வானின் எஞ்சின் ஒன்றுதான்.

ஜம்பட்டா வீதி, ஆமர் வீதி, மருதானைப் பாலம்,
ஒன்பது பிள்ளைகளோடு பொரளை வரை போயும்
ஊசி கீழ்க்கோட்டை விட்டு எழும்பவில்லை.
முன் சீற்றில் ஜெரூஷா கேட்டாள்:
"அன்ரி, இது இன்னும் நித்திரையா?"

கணக்குக் கொப்பியில்
லீற்றருக்கு ஒன்பது ஏழாகி,
மாசக் கடைசியில் ஆறரை.

முதல் கராஜில் எண்ணெய் மூடியைத் திருகி
அடியில் அப்பியிருந்த வெள்ளை நுரையைக் காட்டினான்.
"ஹெட் காஸ்கட் போயிற்று அக்கா.
ஒரு இலட்சத்து நாற்பது வரும்."
அடுத்தவனுக்கு மீற்றர் பிழை.
மூன்றாமவர் சிரித்தார்:
"சூடாகுதெண்டுதானே எல்லாரும் வருவினம்.
சூடாகாட்டி நல்லதுதானே?
வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

காஸ்கட் போனால் தண்ணீர் குறைய வேண்டும்.
ஆறு கிழமையாக விடியப்புறம் டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒரு நூல்கூட இறங்கவில்லை.
அந்த நுரை
ஒருநாளும் முழுதாகக் காயாத இரும்பின் வியர்வை.

ஞாயிறு. பூசைக்கு மணி அடிக்க முன்
சீற்றைத் தூக்கி, ஸ்ராட் செய்து
றேடியேற்றரின் மேல்குழாயில் உள்ளங்கையை வைத்தேன்.
வால்வு சாத்தியிருந்தால்
அது பல நிமிடம் குளிராய்க் கிடந்து
திடீரென்று கையைச் சுட வேண்டும்.
இதுவோ முதல் நிமிடத்திலேயே கொஞ்சம் சூடு,
பிறகு இன்னும் கொஞ்சம்,
ஆறவைத்து மறந்த தேத்தண்ணியின்
யாருக்கும் வேண்டாத வெதுவெதுப்பு.

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டேன்.
பத்தாம் நம்பர் சாவி, இரண்டு ஆணி.
பச்சைத் தண்ணீர் பேசினில் ஒழுகி முடிந்தது.
திறந்தபடியே இறுகிப்போன வால்வை எதிர்பார்த்து
மூடியைக் கழற்றினேன்.
வால்வே இல்லை.
அது குந்தியிருக்க வேண்டிய பள்ளத்தைச் சுற்றி
சிவப்புப் பசை,
பசையில் காய்ந்துபோன
ஒரு பெருவிரல் ரேகை.

யாரோ. எனக்கு முந்திய சொந்தக்காரர் நாளில்
ஏதோ ஒரு கராஜில்
"ஓன நே, இது சூட்டு நாடு" என்று
கழற்றி எறிந்திருப்பான்.
கள்ளனில்லை. கொதிப்புக்குப் பயந்தவன்.
இந்த ஊரில் யாருக்குத்தான் அந்தப் பயம் இல்லை?
எனக்கும் பாவாடை வயதிலிருந்தே சொன்னார்கள்,
எங்கே போனாலும் சூடாகாதே என்று.

பஞ்சிகாவத்தையில் நிலாம்தீனும் அதையே கேட்டார்:
"சூட்டு நாட்டுக்கு இது என்னத்துக்கு?"
கேட்டுக்கொண்டே ஏணியில் ஏறி
தூசி தட்டி ஒன்றை எடுத்தார்.
விளிம்பில் எண்பத்திரண்டு என்று பொறித்திருந்தது.
மூவாயிரத்து எண்ணூறு.

இனி ஒருவரையும் நம்புவதாக இல்லை.
குசினியில், நூலில் கட்டி
சட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன்,
கேக் அடிக்கும் பக்கத்து வீட்டு ரொசானாவின்
வெப்பமானியோடு.
எழுபதில் அசையவில்லை.
எழுபத்தெட்டிலும் இல்லை; பழுதோ என்று நினைத்தேன்.
எண்பத்துமூன்றில்
ஒரு நெருப்புக்குச்சித் தடிப்புக்கு
வாய் திறந்தது.
காஸை அணைத்தேன்.
மெல்ல மூடிக்கொண்டது,
சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டது போல.

வால்வு பூட்ட இருபது நிமிடம்.
பசையையும் ரேகையையும் பிளேட்டால் சுரண்டத்தான்
பின்னேரம் முழுக்கப் போனது.

திங்கள். ஆமர் வீதியில் வழக்கமான நெரிசல்.
பஞ்சிகாவத்தைச் சந்தியில் ஊசி கோட்டை விட்டது.
மருதானைப் பாலம் ஏறும்போது
நடுவில் வந்து நின்றது.
"எழும்பீட்டு," என்றாள் ஜெரூஷா,
ஏதோ அவள்தான் எழுப்பியது போல.

கொப்பியில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
இந்தத் தாங்கி முடியட்டும்.