உறை மட்டும்

ஹெல்சிங்கியில் நவம்பர் என்றால் நான்கு மணிக்கே இரவு.
நாடாளுமன்றத்தின் அடித்தளத்தில் ஒரு சவுனா,
பேசி முடித்தது அங்கேதான்.
மேல் பலகையில் டோர்ஸ்டன் லிண்ட்ரூஸ், அவர் துண்டின் மேல்.
கீழ்ப் பலகையில் என் துண்டின் மேல் நான்,
ஏரோ கல்லுங்கி, நான்கு பேர் கட்சியின் கொறடா.
(மீதி மூவரும் என்னைக் கேட்பதில்லை.
அன்று கேட்டார்கள்.)

"மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?" என்றார்.
மடியே இல்லாமல் உட்கார்ந்திருந்தோம்
இருவரும்.
அகப்பையில் நீர் மொண்டு கல்லில் ஊற்றினார். சீறியது.
உடை மாற்றும் அறையைத் தாழிட்டு வந்தவர் அவர்தான் என்பது
எனக்கு வீட்டுக்குப் போனபிறகே உறைத்தது.

அவர் கேட்டது இரண்டு வருடம்,
எல்லாருடைய எல்லா அழைப்புகளும்.
நான் கேட்டது ஒரு நாளும் கூடாது.
பத்து நிமிடத்தில் ஒரு வருடமாயிற்று.
இன்னோர் அகப்பை, ஆறு மாதம்.
பேச்சைக் கேட்க மாட்டார்களாம்.
கடிதத்தைப் பிரிப்பதில்லை, உறையை மட்டும் பார்ப்பார்கள்:
யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம்.
பிறகு, முதுகைத் துடைத்தபடி,
சல்மிவாராவுக்குப் போகும் இரவு ரயிலை நிறுத்தப்போவதில்லை என்றார்.
என் தொகுதி.
அந்த வாக்குக்கு உறையும் இல்லை.

மறுநாள் பத்திரிகைகளில் கைகுலுக்கினோம்,
கோட்டு சூட்டோடு.
"சமநிலை" என்று எழுதியிருந்தார்கள்.
நானும் அந்தச் சொல்லை இரண்டு பேட்டிகளில் சொன்னேன்.
மூன்றாவதில் நாக்கு கொஞ்சம் தடுக்கியது.

சைமி வாராலா எழுதியிருந்தார்,
சல்மிவாரா பெண்கள் காப்பகத்திலிருந்து, காகிதத்தில்:
"உறை என்கிறீர்கள். இதோ ஓர் உறை.
நேரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரவு 2.17, எங்கள் எண், நாற்பது விநாடி.
2.31, எங்கள் எண், பதினோரு நிமிடம்.
காலை 8.05, பள்ளிக்கூடம்.
8.20, வங்கி.
9.00, வக்கீல். ஒன்பதுக்கு ஒரு நொடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
9.40, பேருந்து நிலையம்.
அதன்பின் ஒரே எண்ணிலிருந்து முப்பத்தாறு அழைப்புகள்.
எடுக்கவில்லை.

அவள் பேசிய ஒரு சொல்லும் உங்கள் காதில் விழவில்லை.
இப்போது சொல்லுங்கள், அவள் எங்கே போகிறாள்?
முப்பத்தாறு முறை அழைத்தவருக்கு
வேலை காவல் நிலையத்தில்."

கடிதத்தோடு டோர்ஸ்டனிடம் ஓடினேன்.
படித்தார். நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றினார்.
"காப்பகங்களுக்கு விலக்கு தருவோம், ஏரோ.
எந்தெந்த எண்களை விலக்குவது?
பட்டியல் வேண்டுமே."

ஒளிந்திருக்கும் வீடுகளின் பட்டியல்.
அதை யார் மேசையில் வைப்பது?
அந்த மேசையை யார் பார்த்துக்கொள்வது?
வெட்கத்தோடுதான் எழுதினேன்,
அவசரம் என்று அடிக்கோடிட்டு,
சைமிக்கு.

வாக்கெடுப்புக்கு முந்தைய மாலை ஓர் உறை வந்தது.
அனுப்புநர் பெயர் இல்லை.
முத்திரையில் சல்மிவாரா இல்லை,
நூறு கிலோமீட்டர் தெற்கே வேறோர் ஊர்.
பிரித்தேன்.
உள்ளே ஒன்றுமில்லை.
உதறிப் பார்த்தேன், விளக்கில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன்.
யார் அனுப்பியது என்று தெரிந்தது.
என்ன சொல்கிறார் என்றும்.

நூற்று நான்குக்கு எண்பத்தொன்பது.
எங்கள் நால்வரும் மாறியிருந்தாலும்
நிறைவேறியிருக்கும் என்று அன்றிரவு கணக்குப் போட்டேன்.
பலமுறை போட்டேன்.

என் பெயருக்கு எதிரே பச்சை எரிந்ததை
எழுத்தர் பதிந்திருக்கிறார்:
யார், எப்போது, எந்தப் பக்கம்.
ஏன் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

தேவையுமில்லை.
இரவு ரயில் அட்டவணையை
அருகில் வைத்துப் பார்த்தால் போதும்.