எழுத்துப் பிசகாமல்

டோக்கன் ஒரே ஒருமுறைதான் தெரியும்,
பத்திரப்படுத்திக்கொள் என்றது திரை.
ஒட்டினேன். கடைசி எழுத்து விடுபட்டிருந்தது.
மறுபடி புதிதாய் ஒன்று.

வின்டர்தூரில் நாற்பத்தாறு கட்டடங்களுக்கு
சலவையறை முறை பதியும் செயலி எங்களுடையது.
ஏழு மாதமாய் ஒரு புகாரும் இல்லை.
ஊர்ஸினா அதற்குக் கேக்கூட வாங்கி வந்தாள்.

நிரல்தளத்தின் வாசலில்
கண்காணிப்புச் சேவையைக் கட்டிவிட்டு
சோதனைக்கென்று பிழையொன்றை நானே எறிந்தேன்.
பிடித்துக்கொண்டது.
விளக்கணைத்து, மஃப்ளரைச் சுற்றும்போது
கைப்பேசி அதிர்ந்தது.
இது நான் எறிந்ததல்ல.

செவ்வாய் மாலை ஆறு மணி,
ஒரே இயந்திரம், இரண்டு வீட்டுக்காரர்கள்.
வரி 212.
மாற்றியவர்: எழிலினி. மார்ச் மாதம்.
குறிப்பு: ‘சின்னத் திருத்தம்’.

அலுவலகத்தில் ஒருவருக்கும் வாயில் நுழையாத என் பெயரை
எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டது.

ஆற்றோரக் கட்டடம் ஏதோ ஒன்றில்
மூன்றாம் மாடியும் முதல் மாடியும்
கதவில் மாறி மாறிக் காகிதம் ஒட்டி,
முகம் பார்த்தால் வணக்கம் சொல்லாமல்,
அழுக்குக் கூடையோடு
ஏழு மாதமாய்ப்
படியிறங்கிக்கொண்டிருக்கிறார்கள்,
எங்களிடம் மட்டும் ஒன்றும் சொல்லாமல்.

கேக் டப்பா இன்னும் மேசைமேல்.
மஃப்ளரை அவிழ்த்தேன்.