பை சோதனை

ஐந்தரைக்கு எங்கள் ஃபேக்டரி கேட்டில்
பையைத் திறந்து காட்ட வேண்டும்.
சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பாள்
செக்யூரிட்டி புட்டலட்சுமி.
ஒரு பட்டன், அரை முழ நூல்,
வெட்டிப்போட்ட காலர் துண்டு
எதுவும் கம்பெனியை விட்டு வெளியே போகாது.
மிச்ச வேலையும்தான்.
முடியாத பீஸ் மேசையிலேயே கிடக்கும்
காலை ஒன்பது வரை.
அவசரமென்றால் ஓ.டி. போடுவார்கள்.
அதற்குக் கணக்கு உண்டு, காசு உண்டு,
காசு வராவிட்டால் சண்டை உண்டு.

ஜெனிலாவின் பையை யாரும் சோதிப்பதில்லை.
லிங்கராஜபுரத்தில் எதிர்வீட்டு பாக்யம்மாவிடமிருந்து
அவளையும் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன்.
கன்னடம் ஒரு பக்கம்,
கணக்கு முப்பது,
ஸ்பெல்லிங் பத்து,
சனிக்கிழமை என்றால் தெர்மாகோலில் ஒரு போஸ்ட் ஆபீஸ்.
ஒன்றாம் வகுப்பு.
முன்பல் இரண்டும் விழுந்த இடத்தில்
இன்னும் எதுவும் வரவில்லை.

இன்றைக்கு ‘நன்ன மனே’. என் வீடு.
இருபது தடவை.
கன்னடத்தில் எனக்குச் சண்டை போட வரும்,
வாசிக்க வராது.
போர்டைப் பார்த்து அவள் எழுதி வந்தது சரியா தப்பா,
யாரைக் கேட்பது?
எனக்குத் தெரிவதெல்லாம்
காஜா வட்டமாக விழுந்திருக்கிறதா,
எங்காவது நூல் பிரிந்திருக்கிறதா.

மூன்றாவது வரியில் கொட்டாவி.
நான்காவதில் அழுகை.
ஐந்தாவதில் அவளாகவே ஒன்றைக் கண்டுபிடித்தாள்.
மேலிருந்து கீழே வெறும்
நன்ன, நன்ன, நன்ன.
அடி வரை போய்த் திரும்ப மேலே ஏறி
மனே, மனே.
“இப்பிடிப் போட்டா சீக்கிரம் முடியும்மா.”

முடியும். எனக்குத் தெரியாதா?
பதினொரு வருஷமாய் மூன்றாவது லைனில்
நான் காலர் மட்டும், லோகநாயகி கை மட்டும்.
முழுச் சட்டை ஒன்று நான் தைத்ததே இல்லை.
எங்கள் சூப்பர்வைசர் பார்த்திருந்தால்
முதுகில் தட்டியிருப்பார்.
ஆறு வயதில், டியூப்லைட்டுக்குக் கீழே,
யாரும் சொல்லித்தராமல்
என் மகள் லைன் போட்டுவிட்டாள்.
இந்த ஓரம் முழுக்க என், என், என்.
அந்த ஓரத்தில் ஒவ்வொன்றாக வீடு.
நடுவில் யாரும் நடக்காத சந்து மாதிரி
ஒரு வெள்ளை.

அருள்தாஸ் கட்டிலில் இருந்து சொல்கிறார்:
“எழுத எழுதத்தான் வரும்.
நமக்கு யாரும் எழுதச் சொல்லலை.
நான் குட்டியானை ஓட்டறேன்.
நீ காலர் தைக்கிற.”
பதில் இல்லை என்னிடம்.
ஏழாவதோடு நின்றவள்.
இந்த இருபதில் பதினெட்டாவதுதான்
அவளை என் மிஷினிலிருந்து தள்ளி உட்கார வைக்குமோ என்று
ஒவ்வொரு ராத்திரியும்
பதினெட்டு வரை ஓட்டுகிறேன்.

பதின்மூன்றாவது மனேயில் பென்சில் சறுக்கி
நோட்டைத் தாண்டி, பாயில் போய் நின்றது.
தூங்கிவிட்டாள்.
ஏழு ‘என்’னுக்கு வீடு இல்லை.

இடது கையால் நானே எழுதலாம்.
எழுதியிருக்கிறேன்,
இரண்டு ஸ்டார்கூட வாங்கியிருக்கிறேன்.
இன்றைக்குக் கை ஏறவில்லை.
பெற்றோர் கையெழுத்துக்கு விட்டிருந்த கோட்டில்
எனக்குத் தெரிந்த ஒரே எழுத்தில் எழுதினேன்:
‘தூங்கிட்டா மிஸ். எழுப்ப மனசு வரல.’
பவித்ரா மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது.

மறுநாள் நோட்டு வந்தது.
பக்கத்துக்கு ஒரு பெரிய டிக்.
வீடில்லாத ஏழின்மேலும் அதன் வால் ஓடியிருந்தது.
என் வரிக்கும் ஒரு டிக்.
சிவப்பு மையில், கோணலாக,
நாற்பத்தெட்டு நோட்டை மடியில் அடுக்கிக்கொண்டு
ஹென்னூர் பஸ்ஸில் குலுங்கியபடி போட்டது மாதிரி.
மிஸ்ஸின் பையையும்
கேட்டில் யாரும் திறந்து பார்ப்பதில்லை போலிருக்கிறது.

“இன்னிக்கு என்ன?”
“நன்ன ஷாலே. இருபது.”
சொல்லிக்கொண்டே ஸ்கேலை எடுத்து
பக்கத்தின் நடுவில்
கோடு இழுக்கிறாள்.